ஏழாவது பூ

இங்கேலாவின் நடுக்கோடை
எங்கள் நடுக்குளிரில் வருகிறது.
டாஸ்மேனியா, ஹூவன்வில், ஜூன்.
நாலே முக்காலுக்கு வெளிச்சம்
கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும்.
"ஸ்வீடனில் இன்றிரவு இருட்டவே இருட்டாது"
என்கிறாள், நெற்றிவிளக்கை மாட்டிக்கொண்டே.

இருவரும் ஒரே மேஜையில் சால்மன் அறுப்பவர்கள்.
எந்த சோப்புக்கும் மசியாத வாடை.
அந்தக் கையால் கம்பத்துக்கு இலை சுற்றுகிறாள்.
கம்பம், உண்மையில், உடைந்த படகின் பாய்மரம்.
குறுக்கே துடுப்பு. துடுப்பின் இரு முனையிலும்
கம்பிகள் கழற்றிய சைக்கிள் சக்கரம்.
பிர்ச் இலைதான் முறையாம்.
பிர்ச் மொட்டையடித்து நிற்கிறது,
ஆகவே தைலமரக் கிளை.
நிமிர்த்தியதும் தோட்டமெங்கும்
மூக்கடைத்த யாருக்கோ ஆவி பிடிப்பதுபோல் மணம்.

தூக்கியவர்கள் ஐந்து பேர்:
பேக்கிங் பகுதி மெரின், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டாரல்,
இங்கேலாவின் மகன் விகோ, நான்,
பிறகு டென்மார்க்கிலிருந்து வந்த ஆக்செல்.
"நாங்களென்றால் இந்நேரம் தீ மூட்டியிருப்போம்"
மூன்றாம் முறை சொல்கிறார்.
விரல் விறைத்த யாரும் மறுக்கவில்லை.

ஜாடியிலிருந்து இனிப்பும் புளிப்புமாய் ஹெர்ரிங்.
புது உருளைக்கிழங்கு வேண்டும்; முளைவிட்டதுதான் கிடைத்தது.
கேக்கின் மேல் ஸ்ட்ராபெரி
ஐஸ் இளகாமல் பல்லைக் கூசவைக்கிறது.
சின்னக் கோப்பை. கண்ணைப் பார்த்து, குடித்து,
மறுபடி கண்ணைப் பார்க்க வேண்டும்.
டாரலுடைய கண் பச்சை என்று
நாலு வருஷத்தில் இன்றுதான் தெரிந்தது.

அப்புறம் தவளையாட்டம்.
ரப்பர் பூட்ஸில், சேற்றில், குந்திக் குந்தி
கம்பத்தைச் சுற்றி ஆறு தவளைகள்.
நிஜத் தவளைகள் மண்ணுக்கடியில்
நல்ல புத்தியோடு தூங்கின.

ஐந்து மணிக்கு அவள் தங்கை கைபேசித் திரையில் வந்தாள்.
அங்கே காலை ஒன்பது, கண்கூசும் வெயில்.
"ஏன் எல்லாம் கறுப்பாயிருக்கிறது?"
இங்கேலா நெற்றிவிளக்கைக் கம்பத்தின்மேல் திருப்பினாள்.
பதில் அவ்வளவுதான்.

கிளம்பும்போது என்னிடம் விதியைச் சொன்னாள்:
ஏழு வகைப் பூ. பறிக்கும்போது பேசக்கூடாது.
தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால்
கட்டிக்கொள்ளப் போகிறவன் கனவில் வருவான்.

ஒருமுறை கட்டிக்கொண்டாயிற்று, என்றேன்.
பட்டப்பகலில் புரோகிதர் கைகாட்டிய திசையில்
அருந்ததி தெரிகிறதென்று தலையாட்டியவள் நான்.
இந்த அட்சரேகையில் அது
அடிவானத்துக்கு மேல் எழும்புவதே இல்லை.
நிம்மதி.

ஆனாலும் நடந்தேன், வாயை மூடிக்கொண்டு.
வேலியோரம் மஞ்சள் முட்புதர்ப் பூ.
பள்ளி வாசலில் கமேலியா. (உதிர்ந்ததும் கணக்கில் உண்டா?)
ரோஸ்மேரி. வயலட். தரையோடு ஒட்டிய டான்டெலியன்.
பாட்டில் கழுவும் பிரஷ்போல விறைத்த பாங்க்சியா.
ஆறு.

டாரல் காரை நிறுத்தினான். "வீட்டில் விடட்டுமா?"
பேசக்கூடாதே. தலையை அசைத்தேன்.
நம் அசைப்பில் ஆம் எது இல்லை எதுவென்று
அவனுக்கு யார் சொல்லித்தருவது?
கொஞ்ச நேரம் நின்றான்.
போய்விட்டான்.

ஏழாவதுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
பூக்கோசு.
பெயரிலேயே இருக்கிறது, யார் மறுப்பார்கள்?
தலையணை மேடிட்டு விடியவிடியக் கழுத்துவலி.
கனவில் ஆள் யாருமில்லை.
எங்கோ ஒரு கார் மட்டும்
இஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை ஓவர்டைம்.
பூக்கோசைக் கடுகு தாளித்து வதக்கி
டப்பாவில் கொண்டுபோனேன்.
கதையைக் கேட்டுக் கண்ணில் நீர்வரச் சிரித்தாள் இங்கேலா.
அவள் மொழியிலும் அதற்குப் பெயர் பூக்கோசுதானாம்.
"அப்படியானால் செல்லும். யார் வந்தான்?"

கத்தியைத் தீட்டினேன்.
வெளியே இன்னும் விடியவில்லை.
பின்னோக்கி வரும் ஃபோர்க்லிஃப்டின்
பீப், பீப்,
எங்கள் மேஜைப் பக்கமாக.